பிடிக்கும் கையும் வெட்டும் கையும்

உங்களுக்கு எந்தக் கைப் பழக்கம் என்று யாராவது கேட்டால் நான் சற்றுத் தயங்கித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதுவதும் உண்பதும் வலது கையால். இரண்டும் சிறு வயதில் வீட்டாரும் பள்ளியும் சேர்ந்து பழக்கிவிட்டவை. பல் துலக்குவது, கல்லெறிவது, ஆணி அடிப்பது, தீக்குச்சி உரசுவது எல்லாம் இடது கையால். இவற்றை யாரும் கண்காணிக்கவில்லை என்பதால் இவை இருந்தபடியே இருந்துவிட்டன. ஆய்வாளர்கள் என்னைப் போன்றவர்களை ‘மாற்றப்பட்ட இடக்கையர்’ என்று தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். அப்படியொரு வகை உண்டு என்று தெரியவந்த பிறகுதான் கைப்பழக்கம் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொடர்ந்து படிக்கத் தொடங்கினேன். ஒரு கை வலுவானது, மற்றது சோப்ளாங்கி என்று நாம் பிரித்துப் பேசுவது எவ்வளவு மேலோட்டமான பேச்சு என்பதுதான் அந்த வாசிப்பில் எனக்குக் கிடைத்த முதன்மையான செய்தி.

கைப்பழக்கத்தை அளப்பதிலேயே முதல் சிக்கல் தொடங்கிவிடுகிறது. 1971இல் ஓல்ட்ஃபீல்டு என்பவர் வெளியிட்ட எடின்பரோ வினாப்பட்டியல்தான் இன்றும் பரவலாகப் பயன்படுவது. எழுதுதல், வரைதல், எறிதல், கத்தரிக்கோல், பல்துலக்கி, கத்தி, கரண்டி, துடைப்பம், தீக்குச்சி, பெட்டியின் மூடியைத் திறத்தல் என்று பத்துச் செயல்களை அது கேட்கிறது. துடைப்பத்தைப் பற்றிய கேள்வி, நீளக் காம்புள்ள துடைப்பத்தில் மேலே பிடிக்கும் கை எது என்பது. குனிந்து ஒரு கையால் விளக்குமாறு பிடித்துப் பெருக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே புரியாது. கரண்டிக் கேள்விக்கும், கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் என்ன பதில் எழுதுவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி ஏறத்தாழ 24 லட்சம் பேரின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, இடக்கையரின் விகிதம் 10.6 விழுக்காடு என்றது. வரையறையை இறுக்கினால் அது 9.3 ஆகக் குறைகிறது, தளர்த்தினால் 18.1 வரை ஏறுகிறது.

சமூகத்தின் கண்டிப்பு இந்த எண்ணிக்கையில் என்ன செய்யும் என்பதற்குத் தைவானில் நடந்து 1976இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. அங்கே மாணவர்களில் இடது கையால் எழுதுகிறவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தார்கள். உணவுக் குச்சிகளை இடது கையால் பிடிக்கிறவர்களும் மிகச் சிலரே. ஆனால் பெரியவர்கள் கண்டித்துத் திருத்தாத மற்றச் செயல்களில் இடக்கையரின் விகிதம் பிற நாடுகளைப் போலத்தான் இருந்தது. எழுதுவதையும் உண்பதையும் மட்டும் கைமாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வைப் படித்தபோது என் கதையைத்தான் அங்கே அட்டவணையாகப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

அடுத்தது மூளை. இடக்கைக்காரர்கள் வலது மூளைக்காரர்கள், ஆகவே கற்பனைவளம் மிக்கவர்கள் என்ற பேச்சு ஆண்டுதோறும் ஆகஸ்டு 13ஆம் தேதி, இடக்கையர் தினத்தன்று, கைப்பேசிகளில் தவறாமல் சுற்றி வருகிறது. இதில் பாதி உண்மை இருக்கிறது. பெருமூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க நரம்பிழைகளில் 85 முதல் 90 விழுக்காடு, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடிப்பகுதியில் எதிர்ப்பக்கம் தாண்டிச் செல்கின்றன; அதனால் இடது கையின் விரல்களை வலது அரைக்கோளமும் வலது கையின் விரல்களை இடது அரைக்கோளமும் ஆள்கின்றன. ஆனால் விரல்களை அசைக்கும் பகுதி ஒரு பக்கம் இருப்பதால் மொழியும் சிந்தனையும் அதே பக்கம் குடியேறிவிடும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

பாரிஸில் 1861இல் பால் புரோக்கா, பேச்சிழந்த நோயாளி ஒருவரின் மூளையை ஆராய்ந்து, இடது முன்மடலில் ஏற்பட்ட சிதைவைக் காட்டினார். பேச்சு இடது பக்கத்துக்கு உரியது என்று அவர் 1865இல் வெளிப்படையாக எழுதிய பிறகு, வலக்கையருக்கு இடப்பக்கம் என்றால் இடக்கையருக்கு வலப்பக்கமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் மருத்துவ உலகில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. அந்த எண்ணத்தை உடைத்தவை மான்ட்ரியலில் வலிப்பு அறுவைச் சிகிச்சைக்கு முன் செய்யப்பட்ட சோதனைகள். ஒரு பக்கக் கழுத்துத் தமனியில் மயக்க மருந்தைச் செலுத்தி அந்தப் பக்க அரைக்கோளத்தைச் சில நிமிடங்கள் உறங்கவைத்து, நோயாளியால் பேச முடிகிறதா என்று பார்ப்பார்கள். ராஸ்முசெனும் மில்னரும் 1977இல் வெளியிட்ட கணக்கின்படி வலக்கையரில் 96 விழுக்காட்டினருக்கு மொழி இடது அரைக்கோளத்தில் இருந்தது. இடக்கையரிலும் 70 விழுக்காட்டினருக்கு அது இடதில்தான் இருந்தது. எஞ்சிய இடக்கையரில் பாதிப்பேருக்கு வலதிலும் பாதிப்பேருக்கு இருபுறமும் இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நலமானவர்களிடம், மூளை இரத்த ஓட்டத்தை மீயொலியால் அளந்து செய்த ஆய்வும் இதே போக்கையே காட்டியது: உறுதியான வலக்கையரில் 4 விழுக்காட்டினருக்கும் உறுதியான இடக்கையரில் 27 விழுக்காட்டினருக்கும் மொழி வலதுபுறம் இருந்தது. ஆகவே, வழியில் பார்க்கும் ஓர் இடக்கைக்காரர் எந்த அரைக்கோளத்தால் பேசுகிறார் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நான் இடது என்றே கட்டுவேன்.

பேச்சு ஒரு பக்கமும் எழுத்து மறுபக்கமும் இருக்கக்கூடும் என்பதற்கு 1998இல் பதிவான ஓர் இடக்கைப் பெண்ணின் வரலாறு சான்றாகிறது. வலிப்பைக் கட்டுப்படுத்த அவருடைய இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அறுத்தபோது, அவரால் முன்போல் பேச முடிந்தது, எழுத முடியவில்லை. அவருடைய இடது அரைக்கோளம் பேசியது, படித்தது. எழுதும் கையை ஆண்டதோ வலது அரைக்கோளம். பாலம் இருந்தவரை இந்தப் பாகப்பிரிவினை அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இதற்கு நெடுங்காலம் முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹூகோ லீப்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் மற்றொன்றைக் கவனித்திருந்தார். இடது அரைக்கோளம் சிதைந்து வலது கை செயலிழந்தவர்களில் பலருக்கு, வலுக்குறையாத இடது கையாலும் கையசைத்து விடைகொடுப்பது, சுத்தியல் அடிப்பதுபோல் செய்துகாட்டுவது போன்ற பழகிய செயல்களைச் சரியாகச் செய்ய முடியவில்லை. தசையில் குறை இல்லை, செயலின் திட்டத்தில்தான் குறை. பழகிய செயல்களின் திட்டத்தை வகுப்பதில் வலக்கையரின் இடது அரைக்கோளம் இரண்டு கைகளுக்கும் வேலை பார்க்கிறது என்பது அதிலிருந்து விளங்கியது.

இப்போது கைகளுக்கே வருகிறேன். மார்செய் நகரத்து ஆய்வாளர் ஈவ் கியார் 1987இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மிகவும் நேர்த்தியானது. எழுதுவது ஒற்றைக் கை வேலை என்று நாம் நினைக்கிறோம். அவர் எழுதுகிறவரின் தாளுக்கு அடியில், அவருக்குத் தெரியாமல், கார்பன் தாளையும் மேசையோடு ஒட்டிய வெள்ளைத் தாளையும் வைத்தார். மேல்தாளில் பக்கம் முழுக்க வரிகள் ஒழுங்காக நிறைந்திருந்தன. மேசையில் ஒட்டிய தாளிலோ அத்தனை வரிகளும் ஒரு சிறு பரப்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிறுக்கப்பட்டிருந்தன. பேனா பிடித்த கை மேசையின் அந்தச் சிறு இடத்தைவிட்டு அதிகம் நகரவே இல்லை. எழுதாத கைதான் தாளை மேலே மேலே நகர்த்தி, அடுத்த வரியை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது. தாளைத் தொடக்கூடாது என்று அந்தக் கையைத் தடுத்துவிட்டால் எழுதும் வேகம் சுமார் 20 விழுக்காடு குறைந்தது. இதிலிருந்து கியார் வகுத்த விதிகள் எளியவை: பழக்கம் குறைந்த கை முதலில் அசைந்து களத்தை அமைக்கிறது, அதன் அசைவுகள் பெரியவை, நிதானமானவை, பழகிய கை அந்தக் களத்துக்குள் பிறகு வந்து நுண்ணிய வேலையைச் செய்கிறது.

பூக்கட்டும் கைகளை அருகில் உட்கார்ந்து பார்த்தால் இந்த விதிகளைக் கண்ணாலேயே காணலாம். வலக்கைக்காரப் பெண்ணின் இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நாரையும், எதிரெதிராக வைத்த மல்லிகைக் காம்புகளையும் பிடித்திருக்கின்றன. வலது கை நாரைக் காம்புகளின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு கண்ணியைப் போட்டு, அதைக் காம்புகளுக்குள் நுழைத்துச் சுண்டி இழுக்கிறது. பார்க்கிறவர்களின் கண் வலது கையின் மேல்தான் இருக்கும். இடது கை சும்மா பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு சுண்டலின் வேகத்துக்கும் ஈடாகப் பிடியின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பது அந்தக் கைதான். கொஞ்சம் கூடினால் காம்பு நசுங்கும், கொஞ்சம் குறைந்தால் பூ கழன்று விழும்.

இந்த ‘பிடித்தல்’ ஒரு தனித் திறன் என்பதைச் சோதனைக்கூடத்தில் அளந்து காட்டியவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் செயின்பர்க். முழங்கையை விரைவாக நீட்டும்போது முன்கையின் எடையும் வேகமும் தோள்மூட்டையும் இழுக்கும். பழகிய கையின் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த இழுப்பை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு, அதையே பயன்படுத்தி நேரான பாதையில் வழவழப்பாகச் செல்கிறது. மற்றக் கையின் பாதை சற்று வளைந்து போகிறது. ஆனால் இலக்கில் போய் நிற்பதிலும், எதிர்பாராமல் ஒரு சுமை தள்ளும்போது இருந்த இடத்தைவிட்டு நகராமல் நிலைப்பதிலும் அது சளைப்பதில்லை, சில சோதனைகளில் பழகிய கையை விஞ்சவும் செய்கிறது. முன்கணித்து வீசும் திறனில் ஓர் அரைக்கோளமும், தடுத்து நிலைநிறுத்தும் திறனில் மற்றொன்றும் தேர்ச்சி பெற்றிருக்கின்றன என்பது அவருடைய கருத்து. இடக்கையரிடம் இதே அமைப்பு இடம் மாறித் தென்படுகிறது, ஆனால் இரு கைகளுக்கும் இடையிலான வேறுபாடு வலக்கையரிடம் இருக்கும் அளவுக்குப் பெரிதாக இல்லை. எதற்கெடுத்தாலும் வலக்கையருக்காகச் செய்த பொருள்களோடு மல்லுக்கட்டியே இந்த வேறுபாடு குறைந்ததா, பிறவியிலேயே அப்படியா என்பது விவாதத்துக்கு உரியது. கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள், வலது கையின் அழுத்தம் அதன் இரு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்கும்படி அது செய்யப்பட்டிருக்கிறது, இடது கையின் அழுத்தமோ அவற்றை விலக்கிவிடும், துணி வெட்டுப்படாமல் மடங்கிக்கொள்ளும். அரிவாள்மனை இவ்வகையில் நியாயமான கருவி. அலகு நிலையாக நிற்க, காய்தான் கைகளில் நகர்வதால் அது யாரிடமும் பேதம் பார்ப்பதில்லை.

மிருதங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க எனக்கு மனமில்லை. வழக்கமாக வலது கை, கரணை என்ற கருப்புப் பசை இட்ட வலந்தலை முகத்தில் மீட்டு, சாப்பு, நம் என்று பகுத்துணரத்தக்க சொற்களை விரல்களால் விரைவாக உருவாக்குகிறது. இடது கை, ரவைப் பசை தடவிய, தொப்பி எனப்படும் மறுமுகத்தில் அடித்தும், அடிக்கையின் அழுத்தத்தைத் தோலின்மேல் கூட்டிக் குறைத்தும் கும்காரம் என்னும் ஆழ்ந்த நாதத்தை எழுப்புகிறது. ஒரு கைக்கு விசையும் வேகமும், மறு கைக்கு அழுத்தமும் நிதானமும் என்ற இந்தப் பங்கீடு செயின்பர்க் சொல்லும் பங்கீட்டோடு ஒத்துப்போவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இதைச் சோதித்துப் பார்த்தவர்களின் முடிவு என்று சொல்லவில்லை, கேட்டும் பார்த்தும் நான் கொண்ட எண்ணம் இது.

மிருதங்கக் கலைஞர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைக்காரர். அவர் வலந்தலையை இடது கையாலும் தொப்பியை வலது கையாலும் வாசித்தார். இதனால் மேடையில் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. மிருதங்கக்காரர் பாடகரின் வலப்புறம் அமர்ந்தால் வலந்தலை ரசிகர்களை நோக்கி இருக்கும். இடக்கையால் வாசிப்பவருக்கு அது பின்பக்கம் போய்விடும். அவரைப் பாடகரின் இடப்புறம் உட்காரவைத்தால், அங்கே அமரும் வயலின்காரர் மறுபுறம் போக வேண்டும். அப்போது வயலினின் நாதத் துளைகள் சபையைவிட்டுத் திரும்பிக்கொள்ளும். இந்த இடமாற்றத்தை எல்லோரும் விரும்பவில்லை. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அதைப் பொருட்படுத்தாமல் அவரைத் தம் கச்சேரிகளில் வைத்துக்கொண்டார். பழனியின் தொப்பி நாதத்துக்காகவே பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்கும் ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தொப்பி அவருடைய ‘பலவீனமான’ கையிலிருந்து வந்தது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

வயலினிலும் இதே புதிர் உண்டு. நுணுக்கமான விரல்வேலை முழுவதும் இடது கைக்கு, வில் பிடிப்பது மட்டும் வலது கைக்கு என்றால் வலக்கையர் ஏன் அதைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை என்று வயலின் தொடாதவர்கள் கேட்பார்கள். கற்றவர்களைக் கேட்டால் வில்லோட்டம் கைவருவதற்குத்தான் ஆண்டுகள் ஆகும் என்பார்கள்: வேகம், அழுத்தம், திசை மாறும் நொடி மூன்றையும் முன்கூட்டிக் கணித்து வீச வேண்டிய வேலை அது. அதே நேரத்தில், பயிற்சியால் இடது கையும் மூளையில் தன் இடத்தைப் பெருக்கிக்கொள்கிறது. தந்திவாத்தியக் கலைஞர்களின் மூளையில் இடது கை விரல்களின் தொடுவுணர்வுக்குரிய புறணிப் பகுதி மற்றவர்களைவிட விரிந்திருந்ததையும், இளமையில் தொடங்கியவர்களிடம் அந்த விரிவு மிகுந்திருந்ததையும் 1995இல் எல்பர்ட் குழுவினர் காட்டினார்கள்.

கிரிக்கெட்டையும் ஒரு வரி பார்த்துவிடலாம். சச்சின் டெண்டுல்கர் இடது கையால் எழுதுகிறவர், வலக்கை ஆட்டக்காரர். சவுரவ் கங்குலி வலது கையால் பந்து வீசியவர், இடக்கை ஆட்டக்காரர். முரண்போலத் தெரியும் இருவரிடமும், மட்டையின் பிடியில் மேலே இருப்பது அவரவரின் பழகிய கைதான். இப்படிப் பழகிய கையை மேலே வைத்து ஆடும் முறை, ஆட்ட அனுபவம் குறைந்தவர்களைவிடத் தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் ஏழு மடங்குக்கும் மேல் கூடுதலாகக் காணப்படுகிறது என்று 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. நாம் இடக்கை ஆட்டம், வலக்கை ஆட்டம் என்று பெயரிட்டதே தவறான கையைப் பார்த்துத்தானோ என்று ஐயுற இடமிருக்கிறது.

கைப்பழக்கம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை கருப்பையிலேயே தொடங்குகிறது. பெல்ஃபாஸ்டில் பீட்டர் ஹெப்பர் குழுவினர், மீயொலிப் படத்தில் கருக்குழந்தை எந்தக் கட்டைவிரலைச் சூப்புகிறது என்று குறித்துவைத்து, அதே 75 குழந்தைகளைப் பத்து வயதுக்கு மேல் மீண்டும் பார்த்தார்கள். வலது விரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கையராக வளர்ந்திருந்தார்கள். இடது விரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கையர். மரபின் பங்கு சுமார் கால்வாசி என்பது இரட்டையர் ஆய்வுகளின் கணக்கு. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரிலும் ஒருவர் இடக்கையராகவும் மற்றவர் வலக்கையராகவும் இருப்பது அரிதன்று. ‘இடக்கை மரபணு’ என்று ஒன்று கிடையாது. 17 லட்சம் பேருக்கும் மேல் ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, இடக்கைப் பழக்கத்தோடு தொடர்புள்ள 41 மரபணு இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது.

மாற்றப்பட்டவர்களின் மூளையில் என்ன நடக்கிறது என்பதில் எனக்குத் தன்னல அக்கறை உண்டு. ஜெர்மனியில், குழந்தைப் பருவத்தில் வலது கைக்கு மாற்றப்பட்ட பெரியவர்களை எழுதச் சொல்லி மூளையின் இரத்த ஓட்டத்தைப் படம்பிடித்தார்கள். 2002இல் அது வெளியானது. பல பத்தாண்டுகள் வலது கையால் எழுதிய பிறகும், எழுதும்போது அவர்களுடைய வலது அரைக்கோளத்தின் இயக்கத் திட்டப் பகுதிகள் வலக்கையரைவிடக் கூடுதலாக விழித்திருந்தன. 2007இல் வந்த மற்றோர் ஆய்வு இதை மேலும் பிரித்துக் காட்டியது: தசைகளுக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் முதன்மைப் பகுதி வலக்கையரைப் போல இடப்பக்கம் சாய்ந்துவிட்டது, அதற்கு மேலே அமர்ந்து திட்டமிடும் பகுதிகள் இடக்கையருடையவைபோலவே வலப்பக்கம் தங்கிவிட்டன. பிரம்பும் அதட்டலும் கீழ்மட்ட அலுவலரை மாற்றிவிட்டன, மேலதிகாரி பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கைகளாலும் எழுதப் பழகினால் மூளையின் இருபுறமும் ‘திறந்துகொள்ளும்’ என்று கட்டணம் வாங்கும் வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இந்த முடிவைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். பயிற்சியால் மற்றக் கையின் எழுத்து அழகாகும் என்பதில் ஐயமில்லை. அதற்கு மேல் விளம்பரத்தில் சொல்வது எதையும் நான் நம்பத் தயாரில்லை.

இடக்கையர் சராசரியாக ஒன்பது ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று 1991இல் எழுந்த பரபரப்பையும் இந்த மாற்றம்தான் விளக்குகிறது. அன்றைய முதியவர்களில் பலர் சிறுவயதிலேயே வலக்கைக்கு மாற்றப்பட்டவர்கள், ஆகவே முதுமையில் இறந்தவர்களிடையே இடக்கையர் குறைவாகத் தெரிந்தார்கள். மாற்றப்படாத இளைய தலைமுறையில் அவர்கள் அதிகம், இளமையில் இறந்தவர்களிடையே எண்ணும்போது அதிகமாகத் தெரிந்தார்கள். ஆயுளுக்கும் கைக்கும் அதில் தொடர்பில்லை.

இந்த ஆராய்ச்சிகளால் உடனடிப் பயன் பெறக்கூடியவர்கள் பக்கவாதம் வந்தவர்கள். ஒரு கை விழுந்துவிட்டால் நாம் மற்றக் கையை ‘நல்ல கை’ என்று விட்டுவிடுகிறோம். இயன்முறைச் சிகிச்சையும் பெரும்பாலும் விழுந்த கையின்மேல்தான் கவனம் வைக்கிறது. செயின்பர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் வலக்கையரான நோயாளிகளின் அந்த நல்ல கையை அளந்தபோது அதிலும் குறை தென்பட்டது, அதுவும் சிதைந்த பக்கத்துக்கு ஏற்ற குறை. இடது அரைக்கோளம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இடது கையின் அசைவுப் பாதை ஒழுங்கு குலைந்தது. வலது அரைக்கோளம் பாதிக்கப்பட்டவர்களுக்கு வலது கை சரியான பாதையில் போனாலும் சரியான இடத்தில் நிற்கத் தவறியது. வலது கை முற்றிலும் செயலிழந்த ஒருவர் குளிப்பது, உண்பது, பொத்தான் போடுவது எல்லாவற்றையும் அந்த இடது கையைக்கொண்டே செய்தாக வேண்டும். பொத்தான் போட அவர் திணறும்போது ‘பழக்கமில்லாத கை, போகப் போகச் சரியாகும்’ என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். பழக்கமின்மை ஒரு பகுதிக் காரணம். மூளையில் ஏற்பட்ட சிதைவே அந்தக் கையையும் தொட்டிருக்கிறது என்பது மற்றொரு பகுதி. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், சிகிச்சையாளரிடம் அந்த நல்ல கையையும் சோதித்து, அதற்கும் பயிற்சி கொடுக்கும்படி கேளுங்கள்.